தெத்துப்பல்

கோயமுத்தூர் பெரிய கடைவீதியிலிருந்து உக்கடம் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் சீனிவாசலு தகர வேலை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றும் புனல், சிம்னி விளக்கு, ஓட்டை விழுந்த வாளிக்கு ஈயப் பற்று என்று காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிறவரை டொக்கு டொக்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் மட்டும் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஆள் இருப்பதையே சந்து மறந்துபோயிருக்கும். சும்மா சொல்லக் கூடாது, ஊர் ஒன்றும் அவருக்குக் கெடுதல் செய்துவிடவில்லை. நல்லதும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வேளை ஆக்கி மூன்று வேளை தின்கிற மனுஷர். ஆக்கின சட்டியிலேயே பிசைந்து தின்றுவிட்டால் வட்டில் கழுவும் வேலை மிச்சம். வீட்டில் தெலுங்கு பேசிப் பிறந்த குடும்பம். கடைக்கு வருகிறவர்களிடம் தமிழில் நாலு வார்த்தை பேசி அனுப்பிவிடலாம். தெலுங்கை யாரிடம் பேசுவது? பன்னிரண்டு வருஷமாக அது அவர் வாய்க்குள்ளேயே துருப்பிடித்துக் கிடந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் அந்தச் சந்தில் வாந்திபேதி புகுந்தது. பத்து மாதக் கைக்குழந்தை முதலில் போயிற்று. மறுநாள் அவர் பெண்சாதி ராமாமணியும் போய்விட்டாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அவளுக்குக் கொடுத்தால், அவள் அதைக் குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு நின்ற பிறகும் குழந்தையை அவள் கையிலிருந்து இறக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரையும் ஒரே பாயில் சுற்றித்தான் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்தவளை அவர்கள் குடும்பங்களில் வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது வழக்கம். வருஷத்துக்கு ஒரு நாள் சுவரில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, புதுச் சேலையும் பூவும் படைப்பார்கள். ஆனால் அதைப் பெண்கள்தான் செய்ய வேண்டும். ஆண்பிள்ளை கை படக் கூடாது. அக்காள், தங்கை, மருமகள் என்று ஒருத்தியும் இல்லாத வீட்டில் யார் செய்வார்கள்? வருஷா வருஷம் அந்த நாளில் சீனிவாசலு கடையைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுவர் வெறுமனே இருக்கும்.

அதையும் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது இன்னொன்று. அவள் முகம் அவருக்கு மறந்துகொண்டே வந்தது. போட்டோ எடுத்துக்கொள்கிற வசதியெல்லாம் ஏது? முதலில் மூக்கு போயிற்று. பிறகு கண் போயிற்று. நெற்றி அகலமா குறுகலா என்று யோசித்தால் ஒரு நாள் ஒரு மாதிரி வரும். பல் ஒன்றுதான் மறக்கவில்லை. மேல்வரிசையில் முன்பல்லின் இடது பக்கம் ஒரு தெத்துப்பல், பக்கத்துப் பல்லின் மேல் பாதி ஏறி நிற்கும். அவள் வாயை மூடினாலும் அது மட்டும் உதட்டுக்கு வெளியே கொஞ்சம் தெரியும். "கதவு சாத்தினப்புறமும் எட்டிப் பாக்கறாளே இவள்" என்று தெலுங்கில் கேலி பண்ணுவார். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் அதிகமாகச் சிரிப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் மாசி மாதத்தில் சிக்கந்தர் கடைக்கு வந்தார். கரண்ட் ஆபீசில் லைன் மேஸ்திரி. நீலகிரி மலைப் பைக்காராவிலிருந்து வந்த கரண்டைப் பல்லடம் ரோட்டுப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோக இரும்புப் போஸ்ட் நட்டுக்கொண்டிருந்தார்கள். போஸ்ட்டில் மாட்ட வேண்டிய அபாயத் தகடு மதராசிலிருந்து வந்து சேரவில்லை.

"நாயுடண்ணா, ஒரு பன்னெண்டு தகடு செஞ்சு குடுங்க. வழித்தடம் குறுக்க வர்ற எடத்துல மட்டும் இப்போதைக்கு மாட்டிப்போடறோம்" என்று சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் ஒரு மண்டையோடு, கீழே குறுக்கே இரண்டு எலும்பு.

"இது எதுக்குங்க?"

"எழுதிப் போட்டா எத்தனை பேருங்க படிப்பாங்க? இதைப் பாத்தாப் பயந்து கிட்ட வர மாட்டாங்க. பயப்படணும், அதான் முக்கியம்."

சீனிவாசலு மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்து, புளியங்கட்டையில் வைத்து மரச் சுத்தியால் தட்டி நிரவினார். சாக்கில் மணலை இறுகக் கட்டி அதன்மேல் தகரத்தைக் குப்புறப் போட்டார். ஆயுதம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. முனை மழுக்கிய ஆணிகள் நாலு, பழைய கரண்டியின் குழிந்த தலை, ஒரு சின்னச் சுத்தி. பின்பக்கம் தட்டத் தட்ட முன்பக்கம் உருவம் புடைத்து வரும். காகிதத்தில் இருந்தது தட்டையான படம். கன்னத்து எலும்பு எங்கே ஏறுகிறது, கண்குழி எங்கே இறங்குகிறது என்று அதில் தெரியவில்லை. அவர் இடது கையால் தன் முகத்தையே தடவிப் பார்த்தார். தோலுக்கு அடியில் எலும்பு எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியாக வலது கை ஆணியை நகர்த்திற்று.

எல்லாம் ஆனபிறகு பல்லுக்கு வந்தார். காகிதத்தில் பல்லெல்லாம் சீப்பு மாதிரி ஒரே சீராக இருந்தது. அப்படியே தட்டிக்கொண்டு வந்தவர், மேல்வரிசையில் இடது பக்கம் வந்ததும் ஒரு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டார். வேண்டுமென்று செய்ததில்லை. தகரத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் பாதி ஏறி நின்றது.

சீனிவாசலு அந்தப் பல்லை விரலால் தடவினார். கண் இல்லை, மூக்கு இல்லை, முடி இல்லை. அவர் மறந்துபோனது எதுவும் மண்டையோட்டுக்குத் தேவையில்லை. மறக்காத ஒன்று மட்டும் அதில் இருந்தது. "ஏமே" என்றார் மெல்ல. பெண்சாதியைக் கூப்பிடுகிற தெலுங்கு வார்த்தை. பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த வார்த்தை அந்த வீட்டில் கேட்டது.

அப்புறம் பன்னிரண்டையும் அப்படியேதான் செய்தார். ஈயச் செந்தூரத்தை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் மண்டையோட்டைச் சுற்றிலும் சிவப்பு பூசினார், மண்டையோட்டுக்கு வெள்ளை. காய்வதற்காக வாசல் சுவரில் வரிசையாகச் சாத்தி வைத்தார். சந்து மிரண்டுபோயிற்று. பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் எப்போதாவது சுவருக்கு மேலே கையை நீட்டிக் கொஞ்சம் குழம்பு கொடுப்பாள், அதுவும் நின்றது. விளக்குக்குத் திரிக்குழாய் வைக்க வந்த பெண்கள் சந்து முனையிலேயே திரும்பிப் போனார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மண்டையோட்டுக்காரர் என்று பேராகிவிட்டது. அவருக்கு அது உறைக்கவே இல்லை. இருபது நாள் அவர் தெலுங்கில் பேசிக்கொண்டே வேலை செய்தார். சிக்கந்தர் வந்து தகடுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போன அன்றைக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சித்திரை பிறந்து சில நாள் ஆனபின் சிக்கந்தர் மறுபடியும் வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"நாயுடண்ணா, உங்க மண்டையோடு சாமியாகிப்போச்சுங்க."

சீனிவாசலு சுத்தியைக் கீழே வைத்தார்.

நடந்தது இதுதான். பல்லடம் ரோட்டில், கோயமுத்தூரிலிருந்து பத்து மைலில் ஊஞ்சக்காடு என்று ஒரு குடியானவர் ஊர். மூன்று வருஷமாக அங்கே மழை இல்லை. கிணறெல்லாம் பாறை தெரியக் கிடந்தது. காளியாத்தாள் என்கிற கவுண்டச்சியின் தோட்டத்து வரப்பில் நின்ற போஸ்ட்டில் பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் தகட்டை மாட்டினார்கள். அன்றைக்கே மழை பிடித்து இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலையில் பெண்கள் போய்ப் பார்த்தால், போஸ்ட்டில் ஒரு மண்டையோடு சிரித்துக்கொண்டிருக்கிறது. செத்த மண்டை எங்கேயாவது இப்படிச் சிரிக்குமா? சுடுகாட்டில் இருக்கிற ஆத்தாதான் மழையோடு வந்து இறங்கியிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

கொங்கு நாட்டில் மாரியம்மன் திருவிழா சாட்டினால் கோயில் முன்னால் முக்கிளையுள்ள மரம் ஒன்றை நட்டு, பெண்கள் பதினைந்து நாள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊஞ்சக்காட்டுப் பெண்கள் அந்த மரியாதையைத்தான் இரும்புப் போஸ்ட்டுக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

"தண்ணி ஊத்தறது இருக்கட்டுங்க" என்றார் சிக்கந்தர். "வர்ற புதங்கிழமை பதினஞ்சாம் நாளு. அன்னைக்கு ஈர மூங்கில்ல மஞ்சத் துணியக் கட்டி, போஸ்ட்டு உச்சியில சொருகறதுன்னு வேண்டுதலாம். உச்சியில கம்பி ஓடுது. செவ்வாக்கிழமை சாயங்காலம் லைன்ல கரண்ட் விடறாங்க. மேல சொல்லிப் பாத்தேன், தேதியத் தள்ளி வைக்க மாட்டேங்கறாங்க. மூங்கிலப் புடிச்சவ மட்டுமில்லீங்க, அவளத் தொட்டுக்கிட்டு நிக்கறவ அத்தனை பேரும் போயிருவாங்க."

"கழட்டிப் போடறதுதானுங்களே?"

"போனமுங்க. வெளக்குமாத்தத் தூக்கிட்டு வந்துட்டாங்க. கண்ணுத் தொறந்த கைதான் சாமிய எறக்கணுமாமா. செஞ்சவரு வந்து சொன்னா எறக்கறோம்ங்கறாங்க. நீங்கதான் வரோணும்."

சீனிவாசலு ஒரு டின்னை எடுத்துப் பிரித்தார். பழையதன் இடத்தில் மாட்ட, சிக்கந்தர் கேட்டபடி அன்றைக்கே புதுத் தகடு ஒன்று செய்தார். காகிதத்தில் இருந்த மாதிரியே சீப்புப் பல்லு. ஒரு நாழிகையில் முடிந்துவிட்டது. அதனிடம் பேசுவதற்கு அவருக்கு ஒரு வார்த்தையும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் பருத்தி ஏற்றப் போன ஒரு வண்டியில் இடம் பிடித்துப் புறப்பட்டார். துண்டில் புதுத் தகடு, சுத்தி, ஆணி. ரோட்டோரம் போஸ்ட்டுகள் வந்துகொண்டே இருந்தன. வழித்தடம் குறுக்கே வருகிற இடத்தில் எல்லாம் ஒரு தகடு, எல்லாவற்றிலும் அதே தெத்துப்பல். பதினொன்று எண்ணினார். பன்னிரண்டாவது ஊஞ்சக்காடு.

அந்தப் போஸ்ட்டைத் தூரத்தில் பார்த்ததுமே வண்டியை விட்டு இறங்கிவிட்டார். அடியில் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்திருந்தது. சுற்றிலும் வேப்பிலை, மண்ணெல்லாம் மஞ்சள் சேறு. தகட்டின் கன்னத்து எலும்பில் மஞ்சள் பூசியிருந்தது. நெற்றியில் கால் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். தலையைச் சுற்றி அரளியும் மல்லிகையும். நடுவில் தெத்துப்பல் சிரித்தது.

பன்னிரண்டு வருஷம் வெறுஞ்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் வீட்டில் ஒருத்தி இல்லாததால் நடக்காமல் போனதை இங்கே நாற்பது பேர் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர் நடு வரப்பில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டுக்கொண்டே அழுதார்.

"ஏனுங்க, எந்தூருங்க நீங்க?" என்று கேட்டுக்கொண்டு காளியாத்தாள் வந்தாள். ஐம்பது வயசிருக்கும். திடமான பொம்பளை. தகடு செய்தவர் என்று தெரிந்ததும் இடுப்பில் செருகியிருந்த சேலைத் தலைப்பை எடுத்து விட்டுக்கொண்டாள்.

"அட, நீங்கதானுங்களா ஆத்தாளச் செஞ்சவீங்க? வெய்யில்ல நிக்காதீங்க. அம்மணி, ஒரு வாய் மோரு கொண்டா."

மோர் கொண்டுவந்தவள் அவள் மருமகள் சாந்தாமணி. அந்த மோரோடு விடவில்லை. வேப்ப மரத்தடியில் இலை போட்டுக் கம்பஞ்சோறும் பருப்பும் வைத்தார்கள். "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்கங்க, கூச்சப்படாதீங்க" என்று சாந்தாமணி குனிந்து கேட்டாள். ஒருத்தர் பக்கத்தில் நின்று இன்னும் கொஞ்சம் என்று கேட்டு அவருக்கு எத்தனை வருஷமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பருப்பு காரம் என்று சொல்லி வைத்தார்.

"இவ கல்யாணமாகி ஏழு வருசமுங்க. வயித்துல ஒண்ணும் தங்கல" என்றாள் காளியாத்தாள். "புதங்கிழமை இவ கையாலதான் துணி சொருகறதா வேண்டியிருக்குதுங்க."

மூங்கில் அங்கேதான் கிடந்தது. வாய்க்காலில் பாதி முங்கி, பச்சையாக, போஸ்ட் உயரத்துக்கு மேல் நீளமாக. சீனிவாசலு கை கழுவிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சுற்றி நின்ற பெண்களிடம் சொன்னார், தனக்குத் தெரிந்த மட்டும். இது சாமி இல்லை, எச்சரிக்கைப் படம். கம்பியில் கரண்ட் வரப்போகிறது. ஈரக் கையோடு தொட்டால் உயிர் போய்விடும்.

காளியாத்தாள் சிரித்தாள். "தொட்டாச் சாவு, தள்ளி நின்னா வெளிச்சமும் தண்ணியும் குடுக்கும். அதைத்தானுங்க நாங்களும் சாமிங்கறோம். சுத்தபத்தமாத் தொட்டா ஆத்தா ஒண்ணும் பண்ண மாட்டா."

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார். உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்புகிற சாதிதானே மனுஷ சாதி.

"இது எந்த ஆத்தாளும் இல்லீங்க. எம் பொண்டாட்டிங்க. அவ பல்லு இப்பிடித்தான் இருக்கும். கை பழக்கத்துல வந்துருச்சுங்க."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவிய இருக்காங்களா?" என்று காளியாத்தாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இல்லீங்க. பன்னெண்டு வருசமாச்சு."

"பூவோட பொட்டோட போனாங்களா?"

பொய் சொல்ல அவருக்கு அப்போது தோன்றவில்லை. "ஆமாங்க" என்றார்.

அவ்வளவுதான், குலவை கிளம்பிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது அவருக்கு. பூவோடு போன மகராசி, அதனால்தான் மழை பெய்தது என்றாள் ஒருத்தி. காளியாத்தாள் வீட்டுக்கு ஓடிப் புதுச் சேலை ஒன்றைக் கொண்டுவந்தாள், அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை. சாந்தாமணி அதைப் போஸ்ட்டில் சுற்றிக் கட்டி, தகட்டை அண்ணாந்து பார்த்து, "அக்கா, எனக்கொரு பிள்ளையக் குடுங்க" என்றாள்.

அக்கா என்று கூப்பிட்டதைக் கேட்டதும் சீனிவாசலுவுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. போகட்டும், இவர்கள் கும்பிடட்டும், ராமாமணிக்கு ஒரு சேலை கிடைத்ததே என்று ஒரு கணம் மனசு சொல்லிற்று. அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. மறு கணம் வாய்க்காலில் கிடந்த மூங்கில் கண்ணில் பட்டது. நாளை மறுநாள் அதைப் பிடிக்கப் போகிற கை சேலை முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தது. இருபத்து மூன்று வயசிருக்கும் அவளுக்கு. ராமாமணி போனபோது அதே வயசு.

"நில்லுங்க, அம்மணி" என்றார். "அவளக் கும்பிடாதீங்க."

"ஏனுங்க?"

"நாஞ் சொன்னது முச்சூடும் நெசமில்லீங்க." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அவ நல்லவ இல்லீங்க. பெத்த பிள்ளையக் கெணத்துல போட்டுக் கொன்னவ."

குலவை நின்றுவிட்டது.

"பத்து மாசப் பிள்ளைங்க" என்றார் அவர். சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்தினால் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தது. "தாகத்துக்கு அழுதுக்கிட்டுக் கெடந்தது. ஒரு வாய் தண்ணி குடுக்கல. தூக்கிட்டுப் போயிப் போட்டுட்டா. மறுநா அவளும் அதே கெணத்துல விழுந்தா. நல்லபடியாப் பூவோட போனதா நாந்தான் மானத்துக்குப் பயந்து எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறேன். சிரிக்கிறாளேன்னு பாக்காதீங்க. பிள்ளை வேணுங்கறவ தொடுற எடமில்லீங்க இது."

சாந்தாமணி சேலையிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். போஸ்ட்டைத் தொட்ட உள்ளங்கையை மண்ணில் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள்.

பிறகு நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒருத்தி பூவைப் பிய்த்து எறிந்தாள். ஒருத்தி தொழுவத்திலிருந்து சாணியை அள்ளிக்கொண்டு வந்து வீசினாள். அது சரியாகப் பல்லின் மேல் போய் அப்பியது. "த்தூ, தாயாடி நீ" என்று காளியாத்தாள் காறித் துப்பினாள். மூங்கிலை யாரோ மிதித்து உடைத்தார்கள். சீனிவாசலு தலைகுனியாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்காமல் இருந்தால் அவளைத் தனியாக விட்டதாகிவிடும் என்று அவருக்குப் பட்டது.

கடைசியில் காளியாத்தாள் அவரிடம் வந்தாள். அவள் குரலில் இப்போது இரக்கம் இருந்தது. "பாவமுங்க நீங்க. அப்பிடிப்பட்டவளோட எப்பிடித்தான் குடும்பம் நடத்துனீங்களோ."

"ஆமாங்க" என்றார்.

சாணி அப்பிய தகட்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, சீப்புப் பல்லை மாட்டி ஆணி அடித்தார். அது யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தத் தோட்டத்துப் பெண்கள் அன்றைக்கப்புறம் போஸ்ட் இருக்கும் வரப்பில் கால் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கரண்ட் வந்தது. புதன்கிழமை யாரும் சாகவில்லை. சிக்கந்தர் கேட்ட காரியம் முடிந்துவிட்டது.

வெயில் தாழ்ந்து அவர் ரோட்டுக்கு வந்தார். வண்டி கேட்காமல் நடந்தார். வழியில் ஒரு வாய்க்காலில் இறங்கித் தகட்டை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பல்லிடுக்கில் சாணி போகவில்லை. துண்டு முனையைத் திரித்து உள்ளே விட்டு ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். "தப்புச் செய்துவிட்டேன், ஏமே" என்று தெலுங்கில் சொன்னார். கிணறு, தாகம், தண்ணீர் கொடுக்காதது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, இல்லை இல்லை என்று மறுத்தார். கேட்க யாருமில்லை. தகட்டை வேட்டி மடியில் வைத்துக்கொண்டு மேலேறினார்.

கெட்ட பேச்சுக்குக் கால் அதிகம். அவர் தகடு மாட்டிய மூன்றாவது போஸ்ட்டை அடைவதற்குள் ஊஞ்சக்காட்டிலிருந்து புறப்பட்ட வண்டிகள் அவரைத் தாண்டிப் போயிருந்தன. அங்கே ஒரு வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டுப் போஸ்ட்டைப் பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தார். மாசாணம் என்று பேர். தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறவர். சீனிவாசலு யார் என்று அவருக்குத் தெரியாது.

"ஏனுங்க, துப்பாமப் போறீங்க?" என்று கூப்பிட்டார்.

"எதுக்குங்க?"

"அட, சங்கதி தெரியாதுங்களா? பிள்ளையக் கொன்ன பாவிங்க அது. தகடு இருக்கற போஸ்ட்டு ஒவ்வொண்ணுலயும் துப்பிட்டுப் போகோணும். துப்பாமப் போனா அந்தப் பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு ஊடு வரைக்கும் பின்னாலயே வந்துருமுங்க."

சீனிவாசலு போஸ்ட்டை நிமிர்ந்து பார்த்தார். தெத்துப்பல்லில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

"பிள்ளையோடவா வரும்?" என்று கேட்டார்.

"பிள்ளையோடதானுங்க."

மாசாணம் மாட்டைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனார். சீனிவாசலு துப்பவில்லை. அந்தப் போஸ்ட்டிலும் துப்பவில்லை. அதற்கு அப்புறம் வந்த எட்டிலும் துப்பவில்லை. கோயமுத்தூர் வரைக்கும் அவர் மெதுவாகவே நடந்தார். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிறவளால் வேகமாக நடக்க முடியாது.